மொட்டையனுக்கு வாய் முளைத்த கதை

அலமாரி, கட்டில், மேசை என்று எதைப் பலகை பலகையாகப் பெட்டியில் போட்டு விற்றாலும் கூடவே ஒரு மடித்த தாள் வருமே, அதில் இருக்கும் படங்களை வரைபவர் நம்மவர். இந்தத் திருகாணி இந்தத் துளையில், இந்தப் பலகை இந்தப் பக்கம், இப்படித் தூக்காதே, அப்படித் தூக்கு என்று எல்லாவற்றையும் ஒரு வார்த்தைகூட இல்லாமல் படத்திலேயே சொல்லியாக வேண்டும். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. அலுவலகத்தில் அவருக்கு அம்புக்குறி என்று பெயர். முதலாளியே "அம்புக்குறியைக் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வார். பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று கேட்டால் பக்கத்து நாற்காலிக்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார்.

அந்தத் தாள்களில் ஒரு மொட்டைத்தலை ஆள் வருவான். உருண்டைத் தலை, இரண்டு புள்ளிக் கண், அவ்வளவுதான். வாய் கிடையாது. வாய் வரையக் கூடாது என்பது நிறுவனத்தின் கண்டிப்பான உத்தரவு. வாய் இருந்தால் சிரிப்பதுபோலத் தெரியும், ஏற்கெனவே பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர் தன்னைத்தான் கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொள்வார் என்று காரணம் சொன்னார்கள். கனமான சாமான் என்றால் மொட்டையனுக்கு இரண்டு படம். தனியாகத் தூக்கும் மொட்டையன்மேல் ஒரு பெரிய பெருக்கல் குறி. பக்கத்திலேயே இன்னொரு படத்தில் இரண்டு மொட்டையன்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்குவார்கள், அதற்குச் சரிக் குறி. அந்த ஜோடியை எத்தனை முறை வரைந்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை.

இதில் பெரிய வெட்கக்கேடு, அவருக்கு ஒரு திருகாணியை ஒழுங்காக முடுக்கத் தெரியாது. அவர் முடுக்கினால் ஒன்று வழுக்கும், இல்லாவிட்டால் பலகை விரிசல் விடும். வீட்டில் இருக்கும் அலமாரிகள் அத்தனையையும் பூட்டி நிறுத்தியது அவர் மனைவிதான். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து வியர்க்க விறுவிறுக்க முடுக்கிக்கொண்டிருக்கும்போது இவர் தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். "படத்துலதான் தெளிவா இருக்கே" என்பார். மனைவி நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். உடனே இவருக்கு வேறு அறையில் ஏதோ வேலை இருப்பது ஞாபகம் வந்துவிடும்.

மனைவிக்குக் கண் மருத்துவமனையில் வேலை. வருகிறவர்களைச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிப் பார்வையைச் சோதிக்க வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு, எழுத்து என்றாலே அவருக்குக் கொட்டாவி வரும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் மூன்றாவது பக்கத்தில் கண் சொருகிவிடும். கல்யாணமான புதிதில் மனைவியின் பிறந்தநாளுக்கு இவர் வாங்கித் தந்த நாவல், மூன்றாம் பக்கத்தில் செருகிய பேருந்துச் சீட்டோடு இன்னமும் அலமாரியில்தான் இருக்கிறது.

அந்த மருத்துவமனை வேறொரு நகரத்தில் கிளை திறக்கிறது. பார்வைப் பரிசோதனைப் பிரிவுக்கு அவரைப் பொறுப்பாளராகப் போகச் சொல்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று இதைச் சொன்னார். முகத்தில் சந்தோஷம் இருந்தது, கூடவே ஒரு தயக்கமும் இருந்தது. பையன் படிப்புக்காக விடுதிக்குப் போய்விட்டான். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான்.

"போகட்டுமா, வேண்டாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

நம்மவர் என்ன சொன்னார்? வழக்கமாக எதைச் சொல்வாரோ அதையே சொன்னார்.

"உன் இஷ்டம்."

வாழ்க்கையில் அவர் அதிகமாகச் சொன்ன வாக்கியம் இதுதான். மருமகள், மாமியார் தகராறாகட்டும், திரைச்சீலையின் நிறமாகட்டும், எல்லாவற்றுக்கும் உன் இஷ்டம். பெருந்தன்மையாகப் பேசுகிறோம் என்று அவருக்கு நினைப்பு. கேட்பவருக்கோ, எக்கேடும் கெட்டுப் போ என்றுதான் காதில் விழும். மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சரி, மூணு வாரம் கழிச்சு வர்ற திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

உண்மையில் அன்று ராத்திரியே நம்மவர் முடிவு செய்துவிட்டார், தானும் கூடப் போவது என்று. மறுநாளே முதலாளியிடம் போய் வெளியூரில் இருந்து வரைந்து அனுப்பலாமா என்று கேட்டார். "எங்க இருந்து அனுப்பினா என்ன, அம்பு நேரா இருந்தாப் போதும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆக எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போய்ச் சொல்வது மட்டும்தான் பாக்கி. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று சமையலறைக்குப் போனார், தொண்டையைச் செருமினார், மனைவி திரும்பிப் பார்த்தார்.

"வாளி கசியுது" என்றார்.

இருபது வருடமாக வாயில்லாதவனை வரைந்து வரைந்து இவருக்கும் அது ஒட்டிக்கொண்டதோ என்னவோ. எனக்கென்னவோ இவர் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று தோன்றுகிறது.

அந்தச் சமயத்தில் அவர் கையில் ஒரு காமிக்ஸ் இருந்தது. ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில், யாருக்கும் காட்டாமல் வரைந்துகொண்டிருந்தது. மொட்டையன்தான் கதாநாயகன். வழிமுறைத் தாளிலிருந்து குதித்து வெளியே வந்து ஊர் சுற்றுகிறான், பேருந்தில் இடம் கேட்கத் தெரியாமல் நிற்கிறான், கடையில் மிச்சம் கேட்கத் தெரியாமல் வருகிறான், கடைசியில் தாளுக்கே திரும்பிப் போய்விடுகிறான். இதைத் தானே அச்சடித்து, ஊரில் நடக்கும் சின்ன காமிக்ஸ் சந்தையில் மேசை போட்டு விற்கப் பணமும் கட்டியிருந்தார். பெரிய பதிப்பகங்கள் வராத சந்தை அது. தானே வரைந்து, தானே மடித்து, தானே தைத்து, பெரும்பாலும் தானே வாங்கிக்கொள்கிறவர்களின் சந்தை.

வாளி கசிந்த அன்றுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. சொல்லத்தான் வரவில்லை, வரையலாமே! முடிவை மாற்றினார். கடைசி இரண்டு பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வரைந்தார். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு பெண் தனியாக ஒரு அலமாரியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள், அவள்மேல் அந்தப் பெரிய பெருக்கல் குறி. கடைசிப் பக்கத்தில் மொட்டையன் ஓடி வந்து மறுமுனையைப் பிடிக்கிறான். முதல் முறையாக அவன் முகத்தில் ஒரு வாய். அந்த வாய் பேசுகிறது: "நானும் வர்றேன். அந்த முனையை நான் புடிச்சுக்கறேன்."

சந்தை ஞாயிற்றுக்கிழமை. பதில் சொல்ல வேண்டியது மறுநாள் திங்கள். மனைவி சந்தைக்கு வருவார், புத்தகத்தைப் படிப்பார், கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார், இவர் வாயைத் திறக்கவே வேண்டாம். திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை, மூன்றாம் பக்கத்தைத் தாண்டாத ஒரு பெண்மணியை நம்பி அதைப் போட்டிருந்தார். அது அவர் மண்டையில் உறைக்கவே இல்லை.

ஞாயிறு காலை அரங்கத்துக்குப் போனார். அது ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு மைதானம். தரையில் கோடுகள், தலைக்கு மேல் கூடைப்பந்து வளையம். அவருடைய மேசை சரியாக வளையத்துக்கு அடியில் இருந்தது. மேசை என்றால் முழு மேசை இல்லை, அரை மேசை. மறுபாதியில் ஒரு இளம்பெண் பூனைப் படம் போட்ட ஸ்டிக்கர்களைப் பரப்பியிருந்தாள். கோபமான பூனை, தூங்கும் பூனை, அலுவலகம் போக மறுக்கும் பூனை என்று விதவிதமாக இருந்தன. பத்து நிமிடத்தில் அவள் பக்கம் கூட்டம் கூடிவிட்டது. நம்மவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் இவரிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். ஒன்று, கழிப்பறை எந்தப் பக்கம். இன்னொன்று, பூனைக்காரிக்குக் கொடுக்கச் சில்லறை எங்கே மாற்றலாம்.

இரண்டுக்கும் கையை நீட்டித் திசை காட்டினார். அதிலாவது அவர் தேர்ந்தவர்.

நடுவில் ஸ்டிக்கர்க்காரி பூனைகளை அடுக்கியிருந்த கம்பித் தட்டு சரிந்து எல்லாம் தரையில் கொட்டின. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று காலையிலேயே பேச்சுவாக்கில் கேட்டு வைத்திருந்தாள்.

"அங்கிள், நீங்க இந்த மாதிரி சாமான் பூட்டறதுக்குப் படம் போடறவர்தானே? கொஞ்சம் சரி பண்ணித் தாங்களேன்."

அங்கிள் என்றதே அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்காகத் தெரியாது என்று சொல்லி மானத்தைக் கெடுத்துக்கொள்ள முடியுமா? திருப்புளியை வாங்கி முடுக்கினார். தட்டு நின்றது. கையில் ஒரு திருகாணி மிச்சமிருந்தது.

"இது எங்க அங்கிள் போகணும்?"

"அது உபரி. எப்பவும் ஒண்ணு கூடப் போடுவாங்க" என்று கூசாமல் சொன்னார். தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றுகொண்டிருந்தது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தாடிக்காரர் வந்தார். காமிக்ஸ்களைப் பற்றி எழுதுகிறவர் என்பது அவர் வந்த தோரணையிலேயே தெரிந்தது. எல்லா மேசையிலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கடைசியில் நம்மவர் மேசைக்கு வந்து புத்தகத்தை எடுத்தார், நின்றபடியே முழுவதும் படித்தார்.

"சார், துணிச்சல்!" என்றார் தாடிக்காரர். "முடிவை எடுத்து முதல் பக்கத்துலயே வச்சிட்டீங்களே. அவனுக்கு வாய் வந்துடுது, பேசிடறான். அப்புறம் பாத்தா வாயில்லாம ஊர் சுத்தறான். பேசின ஒருத்தன் மறுபடி ஊமையாயிடறான். கடைசியில கதை எங்க தொடங்கணுமோ அங்க போய் முடியுது. ரொம்ப நாள் யோசிச்சிருப்பீங்க."

"ஆமா, ஆமா, ரொம்ப நாள்" என்றார் நம்மவர். பாராட்டு வந்தால் கையை நீட்டி வாங்கிக்கொள்வது, அதற்குப் பிறகு என்ன என்று பார்ப்பது அவர் வழக்கம். தாடிக்காரர் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு போனார். போன பிறகுதான் நம்மவர் ஒரு புத்தகத்தை எடுத்துத் திறந்தார்.

அட்டையைத் திருப்பினால் முதல் பக்கத்தில் அந்தப் பெண் அலமாரியைத் தூக்குகிறாள். இரண்டாம் பக்கத்தில் மொட்டையனுக்கு வாய். இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. இன்னொன்று. எல்லாமே அப்படித்தான்.

நடந்தது என்னவென்றால், நடுவில் பின் அடித்துத் தைக்கிற புத்தகத்தில் அட்டைக்கு உள்ளே வெளித்தாள் ஒன்று இருக்கும். முதல் இரண்டு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் அந்த ஒரே தாளில்தான் அச்சாகும், மடித்தால் முன்னால் பாதி, பின்னால் பாதி என்று போய் உட்காரும். முடிவை மாற்றியதால் அந்தத் தாளை மட்டும் மறுபடி அச்சடித்தார். அச்சடித்ததை அவசர அவசரமாகக் கட்டுக்கட்டாக மடித்தபோது, உள்பக்கத்தை வெளியே வைத்து மடித்துவிட்டார். முதல் பின்னால் போயிற்று, கடைசி முன்னால் வந்தது. பக்க எண் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். போடவில்லை. வழிமுறைத் தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுப் போட்டு அலுத்துப்போய், 'இது கலை, அலமாரி இல்லை' என்று எண்களை வேண்டுமென்றே விட்டிருந்தார்.

உலகத்துக்கெல்லாம் எதை எதோடு சேர்ப்பது என்று படம் போட்டுக் காட்டுகிற மனுஷன், நாலு தாளை மடித்துச் சேர்க்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அழுகை வரும்போல இருந்தது. தாடிக்காரர் என்ன எழுதினாலும் எழுதிவிட்டுப் போகட்டும், அதெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும்? மனைவி எப்படிப் படிக்கப் போகிறார் என்பதுதான் அவர் கவலை. தலையும் இல்லாமல் காலும் இல்லாமல் முதல் பக்கத்திலேயே ஒருவன் வந்து நானும் வர்றேன் என்றால் யாருக்கு என்ன புரியும்? மொட்டையன் யார், அவனுக்கு ஏன் வாயில்லை, இதெல்லாம் தெரிந்த பிறகல்லவா அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை!

மனைவியை மாலையில்தான் வரச் சொல்லியிருந்தார். அதற்குள் ஒரே ஒரு பிரதியையாவது பிரித்து ஒழுங்காக மடித்துவிடலாம் என்று சாவியின் முனையால் பின்னை நெம்ப ஆரம்பித்தார். முதல் பின் விரலில் குத்தியது. இரண்டாவது பின்னோடு தாளும் கிழிந்து வந்தது. இன்னொரு பிரதியை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

நிமிர்ந்தால் மனைவி. மருத்துவமனை அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். ஞாயிற்றுக்கிழமை முறை வேலை, நோயாளிகள் குறைவு, சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். நம்மவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புத்தகங்களை மேசைத்துணிக்கு அடியில் தள்ளினார்.

"ஒண்ணுமில்ல. இதெல்லாம்... பழுது. அப்புறம் பாத்துக்கலாம். நீ முதல்ல போய் பூனையைப் பாரு."

மனைவி பூனைகளைப் பார்க்கவில்லை. சாய்ந்து நின்ற தட்டைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த உபரித் திருகாணியைப் பார்த்தார். கணவனை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தத் திருகாணியை அதற்குரிய துளையில் வைத்து முடுக்கினார். தட்டு நிமிர்ந்தது.

"அக்கா, சூப்பர்!" என்றாள் ஸ்டிக்கர்க்காரி. அவள் இவரை அங்கிள் என்றும் மனைவியை அக்கா என்றும் அழைத்ததை நம்மவர் மனதில் குறித்துக்கொண்டார்.

"புஸ்தகத்தைக் காட்டுங்க" என்றார் மனைவி.

"இல்ல, அது தப்பா மடிச்சுட்டேன். கடைசிப் பக்கம் முன்னாடி வந்துடுச்சு. சரி பண்ணி வீட்ல தர்றேன்."

"நாளைக்கு நான் பதில் சொல்லணும், ஞாபகம் இருக்கா? வீட்டுக்குப் போனா எனக்கு அந்த யோசனைதான் ஓடும். இப்பவே காட்டுங்க."

துணிக்கு அடியிலிருந்து மனைவியே ஒன்றை உருவி எடுத்தார். நம்மவருக்குத் தடுக்கத் தைரியம் வரவில்லை. மனைவி அட்டையைத் திருப்பினார். முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அதன்பிறகு அவர் திருப்பவே இல்லை. சுவரில் மாட்டிய எழுத்தைப் படிக்கிறவர்கள் மாதிரி புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், பிறகு கிட்டத்தில் பிடித்தார். நம்மவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இது யாரு? இந்த அலமாரியைத் தூக்கிட்டுப் போறவ?"

நம்மவர் மேசைத்துணியின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"நம்ம வீட்டு அலமாரிதானே இது? கைப்பிடி ஒண்ணு இல்லாம இருக்கு."

தலையாட்டினார்.

"நிஜமாவா?"

நம்மவர் வாயைத் திறந்தார். 'உன் இ...' என்று நாக்கு பழைய தடத்திலேயே புறப்பட்டுவிட்டது. பாதியில் பல்லைக் கடித்து நிறுத்தினார்.

"ஆமா" என்றார். பிறகு, தொடங்கிவிட்டதால் நிறுத்தத் தெரியாமல், "முதலாளிகிட்டக் கேட்டுட்டேன். எங்க இருந்து வேணா வரையலாமாம். நீ தனியாப் போகக் கூடாது. போக வேண்டாம்னு சொல்லல. போகணும். நானும் வரணும்" என்றார்.

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மனைவி கேட்டதில்லை. ஸ்டிக்கர்க்காரி பூனைகளை அடுக்குவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். மனைவி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடையாள அட்டையின் நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார், ஒரு கொட்டாவி விட்டார், புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"மீதி?" என்றார் நம்மவர். ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மீதியில்தான் இருந்தன.

"மீதியை அப்புறம் படிக்கறேன்."

"இது கடைசியில வர வேண்டியது. நான் மடிச்சதுல மாறிடுச்சு" என்று மறுபடியும் அசடு வழிந்தார்.

மனைவி அவரையே பார்த்தார்.

"இத்தனை வருஷம் என்கூடக் குடித்தனம் நடத்தறீங்க. நான் எந்தப் புஸ்தகத்துலயாவது கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பாத்திருக்கீங்களா? நீங்க ஒழுங்கா மடிச்சிருந்தா, நாளைக்கு நான் தனியாப் போறேன்னு சொல்லிட்டு வந்திருப்பேன்."

நம்மவர் திருதிருவென்று விழித்தார். துணிக்கு அடியில் பிரிப்பதற்காக வைத்திருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசைமேல் அடுக்கினார்.

சாயங்காலம் சந்தை முடிந்ததும், அவரவர் மேசையை அவரவரே சாமான் அறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். ஸ்டிக்கர்க்காரி பூனைகளைப் பையில் அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மனைவி மேசைத்துணியை உருவி மடித்தார், சரியாகத்தான் மடித்தார். ஒரு முனைக்குப் போய்ப் பிடித்துக்கொண்டார். நம்மவர் அவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பாத்துட்டு நிக்கறீங்க? அந்த முனையைப் புடிங்க."